வணிகமா, வணிகமும் சட்டமுமா?

க.பொ.த. உயர்தரப் பரீட்சையின் பெறுபேறுகள் வெளியாகும் காலத்தில், வணிகப் பிரிவிலே பயின்ற பிள்ளைகள் உள்ள வீடுகளில் ஒரு வினா எழுவது வழக்கம். கணக்கீடு, வணிகக் கல்வி, பொருளியல் ஆகிய மூன்று பாடங்களிலும் பிள்ளை நன்றாகச் சித்தியடைந்திருக்கின்றது. வணிகமாணிப் பட்டத்துக்கோ முகாமைத்துவப் பட்டத்துக்கோ இடங்கிடைப்பது ஏறக்குறைய உறுதி. வீட்டார் மகிழ்ந்திருக்கும் அவ்வேளையில் மாமாவோ சிறிய தகப்பனாரோ வந்து அமர்ந்து, "வெறும் வணிகப் பட்டத்தை வைத்துக்கொண்டு இக்காலத்தில் என்ன செய்வது? சட்டத்தையும் சேர்த்துப் படிக்க விடுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போகின்றார். சொன்னவர் தேநீர் அருந்திவிட்டுப் போய்விடுவார். அவர் விட்டுச்சென்ற வினாவோ அந்த வீட்டிலே பல நாள் தங்கிவிடுகின்றது.

நேயர்களே, அவர் நல்லெண்ணத்துடனேயே சொன்னார் என்பதில் ஐயமில்லை. ஆயினும் "சட்டத்தையும் சேர்த்து" என்னும் அந்த இரண்டு சொற்களுக்குள் எத்தனை ஆண்டுகளும் எவ்வளவு உழைப்பும் அடங்கியிருக்கின்றன என்பதைச் சிந்தித்துப் பார்த்தவர் சிலரே. வணிகப் பாடங்களைக் கற்பிப்பவன் என்ற வகையில், இவ்வினாவுடன் வரும் பெற்றோர் பலரோடு நான் உரையாடியிருக்கின்றேன். அவர்களுக்குச் சொல்வதையே இன்று உங்கள் முன்னும் வைக்க விரும்புகின்றேன்.

வணிகத்தையும் சட்டத்தையும் ஒரே கல்வியாக இணைத்துப் பயிலும் முறை வேறு நாடுகளில் நன்கு வேரூன்றியது. ஆஸ்திரேலியாவிலே வணிகப் பட்டம் தனியே மூன்றாண்டு. சட்டப் பட்டம் தனியே நான்காண்டு. இரண்டையும் இணைத்துப் பயில்வோர் பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் ஐந்தாண்டில் முடித்துவிடுகின்றனர். ஏழாண்டுக் கல்வி ஐந்தாகச் சுருங்குகின்றது. இந்தியாவிலும் பள்ளிப்படிப்பை முடித்தவுடன் ஐந்தாண்டில் இரு துறைகளையும் கற்கும் ஏற்பாடு இருக்கின்றது. பெங்களூரிலே அமைந்த தேசிய சட்டப் பள்ளி 1988ஆம் ஆண்டில் தன் முதல் மாணவரைச் சேர்த்தபின் அம்முறை மதிப்புப் பெற்றுப் பரவலாயிற்று. திருச்சிராப்பள்ளியிலுள்ள தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தில் வணிகமும் சட்டமும் இணைந்த பட்டமே ஒரு பாடநெறியாக உள்ளது.

இங்கே ஆண்டுகள் எவ்வாறு மிச்சமாகின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். இணைப்புக் கல்வியிலே ஒரே நிறுவனம் இரண்டு துறைகளுக்கும் பொறுப்பு ஏற்கின்றது; விரிவுரைகளின் நேரங்கள் ஒன்றோடொன்று மோதாதபடி வகுக்கப்படுகின்றன; வணிகப் பட்டத்திலே மாணவர் தாமாகத் தெரிவுசெய்யும் பாடங்களின் இடத்தில் சட்டப் பாடங்கள் வைத்து எண்ணப்படுகின்றன. ஒரு கல்லிலே இரண்டு மாங்காய் என்பது அங்கே ஓரளவுக்கு மெய்தான்.

நமது அரச பல்கலைக்கழகங்களிலோ இத்தகைய இணைப்புப் பட்டம் இல்லை. வணிகமாணிப் பட்டம் நான்காண்டு. கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணம் ஆகிய பல்கலைக்கழகங்களில் வழங்கப்படும் சட்டமாணிப் பட்டமும் நான்காண்டு. பல்கலைக்கழகத்துக்கு வெளியே, 1874ஆம் ஆண்டில் தொடங்கிய இலங்கைச் சட்டக் கல்லூரி கொழும்பு புதுக்கடையில் இருக்கின்றது. நுழைவுப் பரீட்சையிலே தேறியவர் அங்கு மூன்றாண்டு கற்று, மூத்த சட்டத்தரணி ஒருவரிடம் பயிலுநராகவும் இருந்து, உயர் நீதிமன்றத்தின் முன் சத்தியப்பிரமாணம் செய்து சட்டத்தரணியாகின்றார். பல்கலைக்கழகத்திலே சட்டமாணிப் பட்டம் பெற்றவரும் நீதிமன்றத்தில் எழுந்து நின்று பேச வேண்டுமானால் அக்கல்லூரியின் பரீட்சைகளுட் சிலவற்றுக்குத் தோற்றியே ஆக வேண்டும். வெளிநாட்டுச் சட்டப் பட்டத்துடன் திரும்பி வருபவருக்கும் நேர்வழி கிடையாது. இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்திலும் தெரிவுப் பரீட்சை எழுதித் தொலைக்கல்வி முறையிலே சட்டமாணி பயிலலாம்.

ஆகவே நம் நாட்டிலே "சட்டத்தையும் சேர்த்து" என்றால், ஒன்றை முடித்து மற்றொன்றைத் தொடங்குவது, அல்லது இரண்டு நுகங்களை ஒரே கழுத்திலே பூட்டிக்கொள்வது என்பதே பொருள். இங்கே ஆண்டுகளைச் சுருக்கித் தருவார் எவருமில்லை.

இத்தனை சிரமம் இருந்தும் அந்த மாமா சொன்னதில் ஓர் உண்மை இருக்கின்றது. அதனை மறைக்க நான் விரும்பவில்லை. வணிகம் கற்றவன் காணாத ஒன்றைச் சட்டம் கற்றவன் காண்கின்றான். அதற்கு நம் ஊர்க் கடையொன்றையே உதாரணமாகக் கொள்வோம்.

சாவகச்சேரிச் சந்தைக்கு அருகே ஒரு பலசரக்குக் கடை இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். முதலாளியின் மேசை இழுப்பறையிலே ஒரு கடன் கொப்பி இருக்கின்றது. வாடிக்கையாளர் பலர் அரிசியும் மாவும் சீனியும் எண்ணெயும் கடனாக வாங்கிச் சென்ற கணக்கு அதிலே எழுதப்பட்டிருக்கின்றது. ஆண்டு முடிவில் கூட்டிப் பார்க்கும்போது எண்பத்தையாயிரம் ரூபா வரவேண்டியிருக்கின்றது. வணிக மாணவன் அத்தொகையை ஐந்தொகையிலே "கடன்பட்டோர்" என்று எழுதிச் சொத்துப் பக்கத்தில் வைப்பான். கூர்மையான மாணவனாயின், இவற்றுள் ஒரு பகுதி அறவிட முடியாமற் போகலாமென்று கருதி ஐயக்கடன் ஏற்பாடு ஒன்றும் செய்வான். அவ்வளவில் அவன் கடமை நிறைவேறிவிட்டது.

அதே கொப்பியைச் சட்டம் படித்த பிள்ளையின் கையிலே கொடுங்கள். தொகையைப் பார்ப்பதற்கு முன் அவள் திகதியைப் பார்ப்பாள். ஏன்? 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கின்றது. விற்று ஒப்படைத்த பொருள்களுக்கான பணத்துக்கும் கடைக் கணக்குக் கடனுக்கும், கடன் செலுத்தவேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் வழக்குத் தொடர வேண்டுமென்று அதன் எட்டாம் பிரிவு விதிக்கின்றது. எழுத்தில்லாத வேறு ஒப்பந்தங்களுக்கு மூன்றாண்டு. எழுத்து ஒப்பந்தங்களுக்கு ஆறாண்டு. கடைக் கடனுக்கு மட்டும் ஒரே ஆண்டு! தெரிந்தவர், அயலவர், கோவிற் திருவிழாவிலே முகத்தோடு முகம் பார்க்க வேண்டியவர் என்று முதலாளி ஒன்றரை ஆண்டு பொறுத்திருந்தாராயின், அவருடைய பெருந்தன்மையே அவருக்குப் பகையாகிவிடுகின்றது. கடன்பட்டவர் கடனை எழுத்திலே ஒப்புக்கொண்டு கையொப்பமிட்டிருந்தாலோ, இடையில் ஒரு பகுதியைச் செலுத்தியிருந்தாலோ நிலைமை வேறு. காலம் மீண்டும் எண்ணப்படும். வாயாற் சொன்ன "தருகிறேன், தருகிறேன்" என்பது போதாது.

ஒரே கொப்பி, ஒருவனுக்கு அது எண்பத்தையாயிரம் ரூபாச் சொத்து, மற்றவளுக்கு அது காலம் கடந்த கடனும் காலம் கடவாத கடனும் கலந்து கிடக்கும் குவியல். முதலாளிக்கு இவ்விருவரும் தேவை. ஒருவரே இருவருமாக இருந்தால் நல்லதல்லவா என்று அவர் எண்ணுவது இயல்பே.

காலவிதிப்பைப் பற்றிப் பேசும்போது மற்றொன்றையும் சொல்லாமற் போக மனம் வரவில்லை. போர்க்காலத்தில் இடம்பெயர்ந்து, தம் காணியைப் பிறர் பிடித்திருக்க, வழக்காடவும் வழியின்றி இருந்தவர் நம்மிடையே அநேகர். அவர்களுக்காக 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் ஒரு சிறப்பு ஏற்பாட்டைச் செய்தது. ஆயுதக் குழுக்களின் செயல்களால் அசைவற்ற ஆதனத்துக்கான தம் உரிமையை நீதிமன்றத்திலே கேட்க இயலாதவருக்கு, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையுள்ள காலத்தை அது கருத்திற்கொண்டது. இத்தகைய சட்டம் ஒன்று வந்தது என்பதையே காலந்தாழ்த்தி அறிந்த குடும்பங்கள் இருக்கின்றன. ஊரிலே சட்டம் வாசிக்கத் தெரிந்த ஒருவர் இருப்பதன் பயனை இதைவிட விளக்கிச் சொல்ல என்னால் இயலாது.

கூட்டு வியாபாரத்துக்கு வருவோம். மச்சான்மார் இருவர் சேர்ந்து இரும்புச் சாமான் கடை திறக்கின்றனர். ஒருவர் பணம் போட்டார். மற்றவர் உழைப்பைப் போட்டார். "எங்களுக்குள் எழுத்து எதற்கு? உறவல்லவா?" என்கின்றனர். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, முதல் ஆயிரம் ரூபாவுக்கு மேற்பட்ட பங்குடைமை எழுத்திலே, கையொப்பத்துடன் இருத்தல் வேண்டும். ஆயிரம் ரூபா என்பது அக்காலத்தில் ஒரு செல்வம். இன்றோ எந்தக் கடையின் முதலும் அதற்குள் அடங்காது. பிணக்கு ஏற்படும் நாளிலே, "நானும் பங்காளி" என்று நீதிமன்றத்திலே நிறுவ முற்படும் மச்சானுக்கு அந்தப் பழைய கட்டளைச் சட்டம் குறுக்கே நிற்கும். வெளியார் ஒருவர் அவ்விருவர் மீதும் வழக்குத் தொடர்வதற்கோ அது தடையாகாது. அதாவது கடன் வந்தால் இருவரும் பங்காளிகள். இலாபம் கேட்டால் எழுத்தைக் காட்டு என்ற நிலை. உறவின் பெயரால் எழுதாமல் விட்டது உறவையே முறிக்கின்றது. யாழ்ப்பாணத்துக் காணியில் பிரிபடாத பங்கொன்றைக் கடை கட்டுவதற்காக வாங்குபவர், தேசவழமையின் முற்கொள்வனவு உரிமையைப் பற்றி, அதாவது உடன்பங்காளருக்கும் உரித்தாளருக்கும் முதலில் அறிவித்தல் கொடுக்க வேண்டுமென்பதைப் பற்றி, அறியாதிருப்பதும் இதனைப் போன்றதே.

இவையெல்லாம் சட்டத்தின் சார்பிலே நான் சொல்லக்கூடியவை. இனி மறுபக்கம்.

வணிகமாணிப் பட்டத்திலே சட்டம் முற்றாக இல்லையென்று எண்ணுவது தவறு. வணிகச் சட்டம் என்னும் பாடம் அங்கே உண்டு. ஒப்பந்தம், பொருள் விற்பனை, முகவர், காசோலை, கம்பனி ஆகியவற்றின் அடிப்படைகளை மாணவர் கற்கின்றனர். 1897ஆம் ஆண்டின் சட்ட அறிக்கைகளில் இடம்பெற்ற சாலமன் வழக்கை அறியாத வணிக மாணவர் இரார். இலண்டனிலே தோற் பாதணி செய்து விற்ற சாலமன் என்பவர் தம் தொழிலை ஒரு கம்பனியாக மாற்றினார், மனைவியும் மக்களும் ஆளுக்கொரு பங்கு வைத்திருந்தனர், மற்றவையெல்லாம் அவருடையவை. கம்பனி நொடித்தபோது கம்பனி வேறு, சாலமன் வேறு என்று பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. கணக்கீட்டு வகுப்பின் முதல் நாளிலே, முதலாளி வேறு, வியாபாரம் வேறு என்று பிள்ளைகளுக்கு நாம் சொல்லிக்கொடுப்பதும் இதற்கு அயலான எண்ணமே. ஆக, கடன் கொப்பியின் திகதியைப் பார்க்க வேண்டுமென்று அறிவதற்கு முழுச் சட்டப் படிப்பும் வேண்டியதில்லை. வணிகச் சட்டத்தை ஊன்றிக் கற்ற மாணவன் அதனை அறிவான். எப்பொழுது சட்டத்தரணியிடம் போகவேண்டும் என்று அறிந்திருப்பதே வியாபாரிக்கு வேண்டிய சட்ட அறிவிற் பெரும்பகுதி.

முழுச் சட்டக் கல்வி எங்கே மெய்யாகவே வேண்டும்? வரித்துறையிலே ஓர் எல்லை தெளிவாகத் தெரிகின்றது. வருமான வரிப் பிணக்கொன்றிலே உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் முன் கணக்காளர் தம் கட்சிக்காரருக்காக வாதாடலாம். அங்கிருந்து வரி மேன்முறையீட்டு ஆணைக்குழுவைக் கடந்து, சட்டப் பிரச்சினையாக மேன்முறையீட்டு நீதிமன்றத்தை அது எட்டும்போது, சட்டத்தரணியே எழுந்து பேச வேண்டும். அந்த இடத்தில் கணக்கும் தெரிந்த சட்டத்தரணிக்கு இருக்கும் பெறுமதி மிகப் பெரிது. எண்களைக் கண்டு அஞ்சாத சட்டத்தரணிகள் எந்நாட்டிலும் ஏராளமாக இல்லை. வணிகப் பிணக்குகளுக்கென 1996ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் ஏற்பட்ட வணிக மேல் நீதிமன்றத்திலும், 1995ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின்படி நடைபெறும் நடுத்தீர்ப்புகளிலும் நிலை இதுவே. வங்கிகளின் சட்டப் பிரிவு, கம்பனிச் செயலாளர் பணி, காப்புறுதி ஆகியவற்றையும் இங்கே சேர்க்கலாம். இவற்றுள் ஒன்றை நாடுகின்றேன் என்று தெளிவாகச் சொல்லும் பிள்ளைக்கு இரண்டு துறைகளும் வேண்டும். அதிலே எனக்குத் தயக்கமில்லை.

ஆனால் அப்படிச் சொல்லும் பிள்ளைகள் சிலரே. ஏனையோர் சட்டத்தை நாடுவது வேறு காரணங்களால். கறுப்புக் கோட்டுக்கு நம் சமுதாயத்திலே இருக்கும் மதிப்பு சிறிதன்று. அப்புக்காத்து, பிறக்கிராசி என்ற வேறுபாடு 1973ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க நீதி நிருவாகச் சட்டத்தோடு நீங்கி, அனைவரும் சட்டத்தரணிகளாகி அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. எனினும் "அப்புக்காத்து மாப்பிள்ளை" என்ற சொல்லின் இனிமை சில தாய்மாரின் காதிலிருந்து இன்னும் நீங்கியதாகத் தெரியவில்லை. பரம்பரைக் காணி வழக்கிலே பணத்தை இழந்த தகப்பனார், மகனைச் சட்டம் படிப்பித்து அந்தக் குறையைத் தீர்த்துக்கொள்ள நினைப்பதும் உண்டு. அவரது துயரம் நியாயமானதே. ஆயினும் தகப்பனின் வழக்கைத் தீர்ப்பதற்காக மகன் ஏழு ஆண்டு படிக்க வேண்டுமா என்பது வேறு கேள்வி. இன்னுஞ் சிலர், ஒன்று கைவிட்டாலும் மற்றொன்று கைகொடுக்கும் என்று இரண்டையும் நாடுகின்றனர். இது எனக்கு ஒப்பான நியாயமாகப் படவில்லை. கைகொடுக்க வேண்டுமானால் ஒரு கல்வி ஆழமாக இருத்தல் வேண்டும். இரண்டு ஆழமற்ற கிணறுகள் சேர்ந்து ஓர் ஆழமான கிணறு ஆவதில்லை.

காலத்தையும் பணத்தையும் பற்றிச் சற்று விரிவாகப் பேச வேண்டும். வீட்டிலே உண்மையில் நெருக்குவது இதுவே. அரச பல்கலைக்கழகத்திலே கட்டணமில்லை. நான்காண்டு வணிகக் கல்விக்குப் பிறகு சட்டக் கல்லூரியின் மூன்றாண்டு. அதற்குக் கட்டணம் உண்டு. பயிலுநர் காலத்திலே பெரிய வருமானத்தை எதிர்பார்க்க இயலாது. அதன்பின்னும் இளம் சட்டத்தரணிக்குக் கட்சிக்காரர் உடனே வருவதில்லை. உயர்தரம் முடிந்து பல்கலைக்கழகம் தொடங்கும்வரை காத்திருக்கும் காலத்தையும் கூட்டினால், பிள்ளை முப்பதை நெருங்கும்போதுதான் வீட்டுக்கு நிலையான உழைப்புத் தருவான். இளையவர்கள் மூவர் பள்ளிக்கூடத்தில் இருக்கும் வீட்டிலே, தகப்பன் ஓய்வுபெறும் வயதை எட்டிவிட்ட வீட்டிலே, இந்த ஏழெட்டு ஆண்டுகளை யார் சுமப்பது? பெண் பிள்ளையாயின், "இன்னும் எத்தனை ஆண்டு?" என்ற கேள்வி உறவினர் வாயிலிருந்து ஒவ்வொரு பொங்கலுக்கும் வரும். படிப்பின் தகுதியோடு இதற்குத் தொடர்பில்லைத்தான். ஆனால் அந்தப் பிள்ளை அதனைத் தாங்கிக்கொண்டே படிக்க வேண்டியிருக்கின்றது.

இரண்டையும் ஒருங்கே பயின்றால் காலம் மிச்சமாகாதோ எனலாம். கொழும்பிலே பகல் ஒன்றும் மாலை ஒன்றுமாகப் படிப்பதற்கு விடாமுயற்சி உள்ளவர்கள் துணிவர். யாழ்ப்பாணத்திலோ வந்தாறுமூலையிலோ வணிகம் பயிலும் மாணவன் புதுக்கடைக்கு எவ்வாறு போய்வருவான்? வருகை விதிகள் இரு பக்கத்திலும் உண்டு. ஒரு நிறுவனத்தில் முழுநேர மாணவராகப் பதிந்தவர் பிறிதொன்றிலே பதியலாமா என்பதை அந்தந்த நிறுவனத்தின் விதிகளில் வாசித்து உறுதிசெய்த பின்னரே பணத்தைக் கட்ட வேண்டும். பரீட்சைகள் ஒரே மாதத்தில் மோதும்போது இரண்டிலும் கீழ்த்தரச் சித்தி பெற்று வெளிவந்த மாணவரைக் கண்டிருக்கின்றேன். தொழில் தருவோர் இரண்டு சாதாரண சித்திகளைவிட ஒரு முதல் வகுப்பையே விரும்புகின்றனர்.

இன்னொன்றையும் பெற்றோர் மறந்துவிடுகின்றனர். வணிகப் பட்டம் "வெறும்" பட்டமாக நிற்பதே அரிது. 1959ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த பட்டயக் கணக்காளர் நிறுவகத்தின் பரீட்சைகளை நம் வணிக மாணவர் பலர் பட்டப் படிப்போடு சேர்த்தே எழுதத் தொடங்குகின்றனர். அதற்குக் கணக்காய்வு நிறுவனமொன்றிலே செய்முறைப் பயிற்சியும் வேண்டும். அப்பயிற்சிக் காலத்திலேயே கையில் ஓரளவு பணம் கிடைக்கும். ஆகவே மாமாவின் கேள்வி, சட்டமா, ஒன்றுமில்லையா என்பதன்று. சட்டமா, பட்டயக் கணக்கீடா என்பதே. கேள்வியைத் திருத்திக் கேட்டால், எண்களோடு வாழ விரும்பும் பிள்ளைக்கு விடை தானே வந்துவிடும்.

இனி, எந்த வாயில் எப்பொழுது திறக்கின்றது என்பதைப் பாருங்கள். என் கருத்திலே தீர்மானிக்க வேண்டிய இடம் இதுதான். அரச பல்கலைக்கழகத்தின் வாயில் இசற் புள்ளிக்குத் திறப்பது. உயர்தரப் பரீட்சைக்கு மூன்று தடவைக்கு மேல் தோற்றி அதனைத் தட்ட முடியாது. இன்று விட்டால் நாளை அது திறவாது. சட்டத்தின் வாயிலோ அவ்வாறானதன்று. பட்டம் பெற்றபின்னும், தொழிலில் அமர்ந்தபின்னும், சட்டக் கல்லூரியின் நுழைவுப் பரீட்சைக்குத் தோற்றலாம். அதிலே மொழியறிவும் பொது அறிவும் நுண்ணறிவுமே பரிசோதிக்கப்படுகின்றன. திறந்த பல்கலைக்கழகத்தின் வாயிலும் உழைப்பவருக்காகவே திறந்திருப்பது. எனவே, ஐயப்பாடு உள்ள பிள்ளை முதலில் வணிகமாணியை ஏற்று அதனை நன்றாக முடிக்கட்டும். இருபத்துநான்கு வயதிலே, கையிலே ஒரு பட்டமும் முடியுமானால் ஒரு சம்பளமும் இருக்கும்போது, சட்டம் வேண்டுமா என்று மீண்டும் கேட்கட்டும். அப்பொழுது கேட்பது மாமாவாக இராது, அவனாகவே இருப்பான்.

இது புதிய வழியுமன்று. எஸ். ஜே. வி. செல்வநாயகம் அவர்கள் இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டத்தை வெளிவாரியாகப் பெற்று, ஆசிரியத் தொழில் பார்த்துக்கொண்டே சட்டம் பயின்று அப்புக்காத்தானவர். கணித மூளை அவருடைய சிவில் வழக்குகளுக்கு உதவியதா என்பதை அவரோடு வாதாடியவர்களே சொல்லியிருக்க வேண்டும். ஆஸ்திரேலியாவிலும் மெல்பேர்ண் பல்கலைக்கழகம் 2008ஆம் ஆண்டு முதல், பட்டம் பெற்றபின்னரே சட்டம் என்ற முறைக்கு மாறிற்று. இணைப்புப் பட்டங்களின் நாட்டிலேயே ஒரு பெரிய பல்கலைக்கழகம் முன்னும் பின்னுமாகக் கற்பதையே விரும்பியிருக்கின்றது.

இதற்கு விலக்கு உண்டு. பள்ளிக்கூட விவாதத்திலும் கட்டுரையிலும் வாதத்தின் ஓட்டையைத் தேடிக் கண்டுபிடிக்கும் பிள்ளை, ஒரு சொல்லின் பொருளுக்காக அரைமணி நேரம் சண்டையிடும் பிள்ளை, கணக்கீட்டிலே நல்ல புள்ளி பெற்றாலும் அதில் மகிழ்ச்சியில்லாத பிள்ளை: இவர்களைச் சட்டத்தை விட்டு விலக்கக் கூடாது. அத்தகைய பிள்ளைக்கு இசற் புள்ளியும் இடங்கொடுத்தால், வணிகத்தை விட்டுவிட்டு நேரே சட்டமாணிக்குப் போவதே தகும். வணிகப் பிரிவு மாணவரும் சட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். சட்டத்துக்கான வெட்டுப்புள்ளி முகாமைத்துவத்துக்கானதைவிட உயர்ந்து நிற்பதே வழமை என்பதை மட்டும் நினைவிற் கொள்க. பல்கலைக்கழக விண்ணப்பத்திலே பாடநெறிகளை விருப்ப வரிசைப்படி எழுதுகின்றோம். தகுதி எட்டும் பாடநெறிகளுள் வரிசையில் முதலாவதாக உள்ளதே கிடைக்கும். ஆதலால் சட்டத்தை உண்மையாக விரும்புபவர் அதனை முதலில் எழுதுவதால், அது கிடைக்காதபோது வணிகத்தை இழந்துவிட மாட்டார். அயல்வீட்டுப் பிள்ளையின் வரிசையைப் பார்த்து எழுதுவது மட்டும் ஆகாது.

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. சட்டக் கல்லூரியிலே ஆங்கிலம் ஒன்றே பரீட்சை மொழியாதல் வேண்டுமென்று 2020ஆம் ஆண்டின் முடிவில் வந்த ஒழுங்குவிதியைப் பாராளுமன்றம் 2023 மார்ச்சிலே நிராகரித்தது. தமிழிலே சட்டம் பயில விரும்புவோர்க்கு அது ஆறுதல். ஆயினும் மேன்முறையீட்டு நீதிமன்றத்தினதும் உயர் நீதிமன்றத்தினதும் தீர்ப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே எழுதப்படுகின்றன. வணிகப் பட்டமும் நம் பல்கலைக்கழகங்களில் இன்று ஆங்கிலத்திலேயே கற்பிக்கப்படுகின்றது. எந்த வழியிற் சென்றாலும் ஆங்கிலத்தைத் தப்பிப் போக வழியில்லை.

பெறுபேறு வந்தபின் பல்கலைக்கழகம் தொடங்கப் பல மாதங்கள் செல்லும். அக்காலத்தில் ஒரு காரியம் செய்து பார்க்கலாம். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் தமிழ்ப் பிரதியை அரசாங்க வெளியீட்டுப் பணியகத்திலே கேட்டுப் பாருங்கள். அருகிலுள்ள நூலகத்திலும் தேடலாம். அதில் 56ஆம், 57ஆம் பிரிவுகளை எடுத்துக்கொள்ளுங்கள். பங்குதாரருக்குப் பணத்தைப் பங்கிடுமுன் ஒரு கம்பனி எந்த நிலையில் இருத்தல் வேண்டும் என்பதை அவை கூறுகின்றன: கடன்களை உரிய நாளிலே செலுத்தக்கூடியதாக இருக்க வேண்டும், சொத்துகளின் பெறுமதி, பொறுப்புகளினதும் கூறப்பட்ட மூலதனத்தினதும் கூட்டுத்தொகையை விஞ்சியிருக்க வேண்டும். கணக்கீடும் சட்டமும் கைகோத்து நிற்கும் இடம் இது. பிள்ளையிடம் அந்தப் பக்கத்தைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருங்கள். ஒரு கம்பனியை எடுத்து அந்த எண்களைக் கணித்துப் பார்க்கப் பென்சிலைத் தேடுகின்றதா, அல்லது "உரிய நாள் என்றால் எந்த நாள்? அதனை யார் தீர்மானிப்பது?" என்று கேட்கின்றதா என்று கவனியுங்கள். இரண்டையும் செய்தால் மாமாவுக்கு ஒரு கடிதம் எழுதலாம். இரண்டையும் செய்யாமல் கொட்டாவி விட்டால், வேறு துறைகளும் இருக்கின்றன. விண்ணப்பக் கைந்நூல் தடித்த நூல்தான்.